நைனா கரைக்கு வந்த பிறகு

எங்கள் வீட்டு விஷயம் எதுவும் திருவள்ளூர் மணவாள நகரில் ரகசியமாக இருந்ததில்லை. நைனா பேசினால் தெருமுனைப் பால் பூத் வரைக்கும் கேட்கும். கடற்படையில் அவருக்கு இஞ்சின் அறையில் வேலை. கப்பலின் அடிவயிற்றில், அந்த இரைச்சலுக்கு நடுவில், பக்கத்தில் நிற்பவனிடம் ஒரு ஸ்பேனர் கேட்பதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டுமாம். பதினைந்து வருஷம் அப்படிக் கத்தியவர் கரைக்கு வந்த பிறகும் அதே குரலில்தான் பேசினார். "இன்னிக்கு கத்திரிக்கா வாணாம்" என்று அம்மாவிடம் சொல்லியிருப்பார். எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும், "இன்னாடி, உங்க ஊட்ல இன்னிக்கு கத்திரிக்கா இல்லியாமே" என்று சிரிப்பாள். தனக்குக் காது மந்தம் என்பதை நைனா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஊரில் மற்ற எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்பதுதான் அவர் கட்சி.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு கடற்படையில் சேர்ந்தவர் அவர். விசாகப்பட்டினத்தில் பயிற்சி, பிறகு பம்பாய், கொச்சி. கல்யாணம் ஆன பிறகும் அம்மா திருவள்ளூரில்தான் இருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். நானும் தம்பியும் பிறந்தது அவர் கடலில் இருந்தபோதுதான். அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது அவருடைய அப்பாவின் சாவு. அந்தமான் பக்கம் கப்பல் போயிருந்தபோது தாத்தா தவறிவிட்டார். சேதி கப்பலுக்குப் போய், கப்பல் துறைமுகத்துக்கு வந்து, இவர் ரயில் பிடித்து வீட்டுக்கு வந்தபோது காரியமெல்லாம் முடிந்து வாசலில் பந்தல்கூடப் பிரித்தாகிவிட்டது. கூடத்தில் மாலை போட்ட படத்துக்கு முன்னால் யூனிஃபார்மோடு, பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டே இருந்தார் என்று அம்மா சொல்வாள்.

பென்ஷனுக்கான வருஷங்கள் முடிந்ததும் மேலே நீட்டித்துக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

கப்பலில் பாய்லர் பார்த்த கைக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உடனே வேலை கிடைத்தது. ஒரு பெரிய தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டர். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம், அங்கே பஸ் மாறிப் புதுவாயல் வழியாக கும்மிடிப்பூண்டி. போக வர நாளில் பாதி ரோட்டிலேயே போய்விடும். அங்கேயே வீடு பார்த்துக்கொள்ளலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். "பசங்க ஒரே ஸ்கூல்ல படிக்கட்டும். நான் சுத்தாத சுத்தா?" என்றார். விடிவதற்குள் கிளம்பிப் போய்விடுவார். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். நைட் ஷிஃப்ட் மட்டும் வேண்டாம் என்று கேட்டு, அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகளையும் பண்டிகை நாட்களையும் விட்டுக்கொடுத்திருந்தார் என்பது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் பள்ளி யூனிஃபார்மை அவர்தான் இஸ்திரி போடுவார். என் பாவாடை மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி நிற்கும். அம்மாவின் புடவையைக்கூட விடமாட்டார். "எனக்கு எதுக்குய்யா இஸ்திரி, நான் என்னா பரேடா போறேன்" என்பாள் அம்மா. ஆனால் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒருதரம் திரும்பிப் பார்ப்பாள்.

தம்பிக்கு சின்ன வயதிலிருந்தே கப்பல் பைத்தியம். நைனாவின் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுவான். பன்னிரண்டாவது முடித்ததும் வியாபாரக் கப்பலில் சேர்வதற்கான படிப்புக்கு விசாரித்துக்கொண்டு வந்தான். சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னான். நைனா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கடல் வாணாண்டா."

"நீ மட்டும் போனல்ல நைனா?"

"போனதாலதான் சொல்றேன். ஊட்ல ஒண்ணுன்னா ஓடியாற முடியாது. தண்ணியப் பாத்துக்கினு நிக்கணும்."

அம்மாவும் நைனா பக்கம்தான் நின்றாள். தம்பி இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். அப்புறம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்தான். படித்து முடித்ததும் நைனாதான் சிப்காட்டில் நாலு பேரிடம் சொல்லி வைத்தார். இரும்புத் துண்டுகளை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஒரு ஆலையில் அவனுக்கு மெயின்டனன்ஸ் வேலை கிடைத்தது. நைனாவின் தொழிற்சாலைக்கு இரண்டு கேட் தள்ளி. அதன் பிறகு காலையில் அப்பாவும் பிள்ளையும் ஒன்றாகவே பஸ் ஏறுவார்கள். அந்த வருஷங்களில் நைனா நடப்பதே வேறு மாதிரி இருந்தது. ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் மகனுக்காகக் காத்திருப்பதை அவர் யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருப்பார், அதே பெரிய குரலில்.

பொதட்டூர்பேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பெண்ணைத் தம்பிக்குக் கட்டினோம். அமைதியான பெண். எனக்கும் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தேன். என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. அதனால் பாதி நாள் நானும் அம்மா வீட்டில்தான். தம்பிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நைனாவை ஆஸ்பத்திரியை விட்டு நகர்த்த முடியவில்லை. குழந்தையைக் கையில் கொடுத்தபோது, தன் பிள்ளைகள் இருவரையும் இந்த அளவில் தான் பார்த்ததே இல்லை என்று நர்சிடம் சொன்னார். வார்டே திரும்பிப் பார்த்தது.

குழந்தை நடக்கத் தொடங்கிய சமயத்தில் அது நடந்தது.

உருக்குவதற்கு வரும் பழைய இரும்பில் எல்லாம் கலந்திருக்கும். மூடிய உருளை, ஓட்டை அடைத்த பைப் என்று எதிலாவது உள்ளே தண்ணீர் நின்றிருந்தால், உலையில் விழுந்ததும் வெடிக்கும். அன்றைக்கு அப்படித்தான் வெடித்தது. தம்பிக்கு உலைப் பக்கம் வேலையே இல்லை. கிரேனில் ஏதோ கோளாறு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இரும்புக் குழம்பு சிதறியபோது அவன் உலையோர மேடைமேல் நின்றிருந்தான்.

சத்தம் நைனாவுக்கே கேட்டிருக்கிறது. பாய்லரை உதவியாளிடம் ஒப்படைத்துவிட்டு ஓடியிருக்கிறார். கேட்டில் தடுத்த செக்யூரிட்டியை அவர் தள்ளிவிட்டதாகப் பின்னால் யாரோ சொன்னார்கள். ஆம்புலன்சில் மகனோடு அவரும் ஏறிக்கொண்டார். தம்பி நினைவோடுதான் இருந்தான். வழியெல்லாம் "எரியுது நைனா, எரியுது நைனா" என்று சொல்லிக்கொண்டே வந்தானாம். "வந்துட்டோம்டா, இதோ வந்துட்டோம்" என்று இவர் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். இதை எங்களுக்குச் சொன்னது ஆம்புலன்ஸ் டிரைவர். நைனா அந்தப் பயணத்தைப் பற்றி கடைசிவரை வாய் திறக்கவில்லை.

சென்னை அரசு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டுக்கு வெளியே நாங்கள் காத்திருந்தோம். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். தம்பி மனைவி போய்விட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பிறகு நைனாதான் போனார், வந்தார். வரும்போதெல்லாம், "பேசறான். தண்ணி கேட்டான். கொழந்த சாப்ட்டாளான்னு கேட்டான்" என்பார். நாலைந்து நாள் அப்படி ஓடியது. பிறகு ஒரு காலையில் அவர் வெளியே வந்து எங்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து நின்றார். எங்களுக்குப் புரிந்துவிட்டது.

வீட்டில் உடலைக் கிடத்தியபோது முகத்தைத் தவிர எதையும் காட்டக்கூடாது என்று சுற்றிக் கட்டியிருந்தார்கள். அம்மா அழவில்லை. நேராக நைனாவின் முன்னால் வந்து நின்றாள். தெருவே நின்றிருந்தது.

"கடலுக்கு அனுப்பி இருந்தா எங்கனா ஒரு மூலைல உசுரோட இருந்திருப்பானேய்யா. நீதான வாணான்ன. நீதான இட்டுக்கினு போயி அங்க உட்ட."

நைனா தலையை ஆட்டினார். ஆமாம் என்பதுபோலத்தான் ஆட்டினார்.

அன்றிலிருந்து அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சண்டை இல்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் மருமகளிடமோ குழந்தையிடமோ சொல்வாள். "தாத்தாவ சாப்ட வரச் சொல்லு." குழந்தை ஓடிப்போய்ச் சொல்லும். நைனாவும் குழந்தையிடமே பதில் சொல்லி அனுப்புவார். அவர் குரலும் அப்போதுதான் இறங்கத் தொடங்கியது. எதிர்வீட்டு அக்கா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கப்பா ஊர்ல இல்லியா? சத்தமே காணோம்" என்று கேட்டாள்.

பதினாறாம் நாள் முடிந்த வாரமே வேலைக்குப் போய்விட்டார். அதே பஸ், அதே ரோடு. அந்த ஆலையின் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வேலையை விட்டுவிடச் சொன்னேன். "ஊட்ல உக்காந்துக்கினு இன்னா பாப்பா பண்ணச் சொல்ற?" என்று கேட்டார்.

தம்பி மனைவிக்கு அப்போது இருபத்தாறு வயது இருக்கும். பிறந்த வீட்டுக்குப் போ என்றால் போகமாட்டாள். இங்கே இருந்தாலும் இருப்பதாகத் தெரியாது. பாத்திரம் தேய்ப்பாள், குழந்தையைத் தூங்க வைப்பாள், அப்புறம் அடுக்களை மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பாள். நைனா அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். இரண்டு வருஷம் போனது. அவருக்கு லீவான ஒருநாள் காலையில், நாங்கள் எல்லாரும் இருக்கும்போது, அவர் நேராக அவளிடமே பேசினார்.

"எங்க கம்பெனில ஒருத்தர் கீறாரும்மா. எலக்ட்ரீஷியன். சோழவரத்துக்காரர். சம்சாரம் காச்சல்ல போயிட்டாங்க, கொழந்த இல்ல. நல்ல மனுசன், எனக்குத் தெரியும். உன்னைப் பத்திச் சொன்னேன்."

அவள் எழுந்து நின்றாள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"என்ன அனுப்பிடலாம்னு பாக்கறீங்களா மாமா?"

"அனுப்பறதுன்னா வாணாம். இது உன் ஊடு. நீயா சொல்ற வரைக்கும் நான் இன்னொரு தபா கேக்கமாட்டேன்."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அம்மா அப்போதுதான் நைனாவின் பக்கம் திரும்பினாள். அத்தனை நாள் கழித்து அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"நீயெல்லாம் மனுசனா? அவன் போன ஈரம்கூட இன்னும் காயல."

நைனா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். மெதுவாகத்தான் பேசினார். அவருக்கு அப்படிப் பேச வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"நான் கப்பல்ல இருந்தப்ப உன்ன வருசக்கணக்குல தனியா உட்டேன். நீ இன்னா பட்டேன்னு நீ சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. ஆனா நான் வருவேன்னு உனக்குத் தெரியும். லீவு எப்ப, ரயில் எப்பன்னு பாத்துக்கினு இருந்த. இவ எதப் பாத்துக்கினு இருப்பா சொல்லு?"

அம்மா எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். தம்பி செத்த அன்று வராத அழுகை அது.

நைனா சொன்னபடியே மறுபடி கேட்கவில்லை. அந்த எலக்ட்ரீஷியனையும் வீட்டுக்கு அழைத்துவரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மருமகள் ரசம் ஊற்றிக்கொண்டே, "அவரு இன்னும் அங்கதான் வேலை செய்றாரா மாமா?" என்று கேட்டாள். நைனா நிமிர்ந்து பார்க்காமல், "ஆமாம்மா" என்றார். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

பொதட்டூர்பேட்டைக்காரர்கள் கல்யாணத்துக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் சொந்தத்திலும் பாதிப்பேர் வரவில்லை. ஒரு சின்ன முருகன் கோயிலில், பெண்ணைப் பெற்றவர் நிற்க வேண்டிய இடத்தில் நைனா நின்றார். வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது. அம்மா வரவில்லை. ஆனால் காலையில் பேத்திக்குத் தலைவாரிப் பூ வைத்து, புதுப் பாவாடை கட்டி என் கையில் ஒப்படைத்தது அவள்தான். தாலி கட்டி முடிந்ததும் நைனா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "மூச்சு வாங்குது, ஒண்ணுமில்ல" என்றார். துக்கத்தினால் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன்.

அவளும் குழந்தையும் சோழவரத்துக்குப் போன பிறகு வீடு இருண்டுபோனது. நைனா ஓய்வு பெற்றுவிட்டார். வாரம் தவறாமல் சோழவரத்துக்குப் பேத்தியைப் பார்க்கப் போவார். முதலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடுவார். அப்புறம் ஆட்டோ. அப்புறம் அந்த எலக்ட்ரீஷியனே பைக்கில் வந்து பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கத் தொடங்கினார். மாடிப்படி ஏற முடியவில்லை, சட்டை மாட்டினாலே இளைத்தது. சளி என்று நாங்கள் கஷாயமும் மாத்திரையுமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சென்னையில் ஒரு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "சிமெண்ட் ஷீட் கம்பெனி, பஞ்சு மில்லு எதுலயாவது வேலை பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். கப்பல்ல, இஞ்சின் ரூம்ல."

"பைப்புக்கு மேல சுத்தற ஆஸ்பெஸ்டாஸ்?"

"அதுவா? அதுலதான சார் இருந்தோம். கிழிச்சா மாவு மாதிரி கொட்டும். தட்டி உட்டுட்டு அப்படியே நாஷ்டா துன்னுவோம்." சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்புகூட இருந்தது. கூட வேலை செய்தவர்கள் நினைவுக்கு வந்திருப்பார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அந்தத் தூள் இத்தனை வருஷம் உள்ளேயே இருந்து நுரையீரலைத் தோல்போலக் கெட்டியாக்கிவிட்டது என்றார். பின்னுக்குத் திருப்ப மருந்து இல்லை என்பதை என்னிடம் தனியாகச் சொன்னார். நைனாவிடம் நான் சொல்லவில்லை. காரில் வரும்போது அவரே, "பாப்பா, உங்கம்மாவுக்கு இப்பவே சொல்லிடாத" என்றார்.

ஆக்சிஜன் மெஷினை வாடகைக்கு எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். பகல் முழுவதும் அது இரைந்துகொண்டிருக்கும். இரண்டு வார்த்தைக்கு நடுவில் மூச்சுக்காக நிற்க வேண்டியிருந்தது அவருக்கு. தெருமுனை வரை கேட்ட குரல் கட்டிலைத் தாண்டவில்லை. அம்மா குனிந்து அவர் வாயருகே காதை வைத்துக் கேட்பாள். அந்த நாட்களில் அவர்கள் நிறையப் பேசிக்கொண்டார்கள். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவார்கள். ஒருமுறை மட்டும் அம்மா கேட்டது என் காதில் விழுந்தது. "கடைசியா அவன் இன்னாய்யா சொன்னான்?" நைனா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஒரு மழைநாள் சாயங்காலம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் மூச்சு நின்றது. அம்மாதான் முதலில் கவனித்தாள். எங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவர் முகத்தைத் துடைத்து, சட்டைக் காலரைச் சரிசெய்திருந்தாள்.

மறுநாள் தொப்பி அணிந்த பழைய கடற்படைக்காரர்கள் சிலர் வந்தார்கள். உடல்மேல் தேசியக்கொடி போர்த்தி, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். அவர்களில் ஒருவர் அடிக்கடி இருமிக்கொண்டிருந்தார். பாடை கட்டும்போது, கொள்ளி யார் வைப்பது என்ற பேச்சு எழுந்தது. பங்காளி வகையில் ஒரு சித்தப்பா தயாராகத் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். என் கணவரால் மஸ்கட்டிலிருந்து வர முடியவில்லை. சோழவரத்திலிருந்து தம்பி மனைவியும் அவள் கணவரும் பேத்தியும் காலையிலேயே வந்திருந்தார்கள். அந்த எலக்ட்ரீஷியன் வாசலில் சாமியானா கட்டுபவர்களோடு கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் அவர் வந்ததே இல்லை. இத்தனை வருஷத்தில் அம்மா அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அம்மா வாசலுக்கு வந்தாள்.

"நீ வாப்பா" என்றாள்.

அவருக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று புரியவில்லை. கயிற்றோடு நின்றார்.

"உன்னத்தான். உள்ள வா. நீ வெய்யி."

சித்தப்பா குரலை உயர்த்தினார். என்ன முறை, என்ன ஜாதி, ஊர் என்ன பேசும் என்றெல்லாம் கேட்டார். அம்மா அவர் பக்கமே திரும்பவில்லை. "அவரு பாத்து வெச்ச புள்ள. அவருக்குப் புடிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சித்தப்பா சுடுகாட்டுக்கு வராமலே கிளம்பிப் போனார். எலக்ட்ரீஷியன் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்து நின்றார். தம்பி மனைவி கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

காரியம் முடிந்த சில நாளில் ஆக்சிஜன் மெஷினைத் திருப்பி எடுத்துப்போக ஆட்கள் வந்தார்கள். பிளக்கைப் பிடுங்கிச் சுருட்டி ஆட்டோவில் ஏற்றினார்கள். சுவரில் அது உரசிய இடத்தில் அடையாளம் இருந்தது. அம்மா ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

இப்போது அம்மாவோடு நானும் அந்த வீட்டிலேயே இருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு சோழவரத்துக்காரர்கள் வருவார்கள். பேத்தி கல்லூரிக்குப் போகிறாள். மாமியாரும் பழைய மருமகளும் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரிதாக எதுவும் பேசிக்கொள்வதில்லை. எலக்ட்ரீஷியன் ஃபேனைப் பார்ப்பார், ஸ்விட்ச்சைப் பார்ப்பார், எதுவும் பழுதில்லாவிட்டால் முறத்தில் விழுந்த தண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். அம்மா அவருக்குச் சோறு போடும்போது வேண்டாம் என்றாலும் இன்னொரு கரண்டி வைப்பாள்.

போன தடவை அவர்கள் கிளம்பிப் போன பிறகு அம்மா கதவருகே நின்றுகொண்டிருந்தாள். அவர் தலை நரைத்துவிட்டதைப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன்.

"உன் தம்பி இருந்தான்னா அவனுக்கும் இப்ப நரைச்சிருக்குமா?"

"ஓரத்துல நரைச்சிருக்கும்மா" என்றேன்.